1, 2, 3 என்று எழுதினால் என்ன மாறும்? மும்பைத் தேர்தல்களுக்கு நான்கு முறைகள், ஓர் ஒப்பீடு

மாஹிம் தொகுதியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் சட்டமன்றத் தேர்தலில், இரண்டாக உடைந்த சிவசேனாவின் உத்தவ் தாக்கரே அணியான உத்தவ் சேனாவின் மகேஷ் சாவந்த் வாங்கியது 50,213 ஓட்டு. மற்ற அணியான ஷிண்டே சேனாவின் சதா சர்வன்கர் 48,897. எம்.என்.எஸ். (மகாராஷ்டிர நவநிர்மாண் சேனா) கட்சியின் அமித் தாக்கரே 33,062. முதல் இருவருக்கும் இடையே வெறும் 1,316 ஓட்டு. பதிவானதில் 38 சதத்துக்கும் குறைவாக வாங்கியவர் எம்.எல்.ஏ. ஆனார். அமித் தாக்கரேவுக்குப் போட்ட 33,062 பேரிடம், "சரி, உங்கள் ஆள் இல்லை என்றாகிவிட்டது, மிச்சம் இரண்டு பேரில் யார் தேவலை?" என்று கேட்டிருந்தால் முடிவு அப்படியே நின்றிருக்கலாம், தலைகீழாகவும் போயிருக்கலாம். கேட்க வழியில்லை.

அந்தக் கேள்வியை ஓட்டுச்சீட்டிலேயே கேட்டுவிடுவதுதான் முன்னுரிமை ஓட்டு. இலங்கைத் தமிழர்கள் விருப்பு வாக்கு என்பார்கள். பிடித்தவருக்கு 1, அவர் இல்லாவிட்டால் யார் என்பதற்கு 2, அவரும் இல்லாவிட்டால் 3. முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்குப் போட்டிருக்கிறதோ அவரிடம் சேர்ப்பார்கள். யாராவது பாதியைத் தாண்டும்வரை இப்படியே நடக்கும்.

2026 ஜனவரி 15 மாநகராட்சித் தேர்தல் முடிந்ததிலிருந்து மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலிப் பக்கத்து வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்: இந்த முறையை நம் ஊருக்கும் கொண்டுவரச் சொல்லலாமா, இல்லை இருப்பதே போதுமா? நியூயார்க் மேயர் தேர்தலில் மம்தானி ஜெயித்த செய்தி இந்தக் கேள்விக்குத் தூபம் போட்டிருக்கிறது. (அங்கே கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த ஜூன் 2025 தேர்தலில்தான் 1, 2, 3. நவம்பரில் மேயரைத் தேர்ந்தெடுத்தது நம்மைப் போன்ற பழைய முறையில். இதைப் பலர் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.)

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பை வார்டுக்கு வேண்டும், மூன்று எண் என்ற வரம்போடு. சட்டமன்றத்துக்கு இப்போதைக்கு வேண்டாம். தாணே, கல்யாண்-டோம்பிவிலி, நவி மும்பை மாதிரி நால்வர் பேனல் வார்டுகளுக்கு (ஒரே வார்டுக்கு நாலு உறுப்பினர்) வேறு மருந்து. ஏன் என்பது கீழே.

## எதை வைத்து எடை போடுவது

ஜெயித்தவரைப் பாதிப்பேருக்கு மேல் ஏற்றுக்கொண்டார்களா என்பது முதல் அளவுகோல். எல்லோரும் இதிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இது முக்கியம், ஆனால் முதன்மையானது இல்லை.

இரண்டாவது, பயந்து ஓட்டுப் போடவேண்டியிருக்கிறதா. "நல்லவர்தான், ஆனால் இவருக்குப் போட்டால் அவன் வந்துவிடுவான்" என்ற பேச்சு தாராவி டீக்கடையிலும் கேட்கும், முலுண்ட் சொசைட்டி லிஃப்டிலும் கேட்கும்.

மூன்றாவது, எழுதப்படிக்கத் திணறுபவரும் தப்பில்லாமல் போட முடியுமா. நான்காவது, கட்சியின் சாதாரண பூத் ஏஜென்ட் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு எண்ணிக்கையைச் சரிபார்க்க முடியுமா. என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. தோற்றவர் நம்பாத எண்ணிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தும் பயனில்லை.

செலவும் சட்ட வழியும் அடுத்து. கடைசியாக நமக்கென்று ஒன்று: ஒரே இடத்தில் பெரும்பான்மையாக இல்லாமல் சயான், தாராவி, செம்பூர், கோரேகாவ் என்று சிதறிக் கிடக்கும் தமிழர்களைப் போன்ற சமூகங்களின் கதவை வேட்பாளர் தட்ட அந்த முறை காரணம் கொடுக்கிறதா?

## இருப்பது: அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பது

இதைத் திட்டுவது எளிது. ஆனால் இதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரு பட்டன், ஒரு பீப். பூத்தில் எத்தனை ஓட்டு பதிவானது என்று ஏஜென்டுகள் கையில் 17சி படிவம் கிடைக்கிறது. எண்ணும்போது அதே இயந்திரத்தில் அதே எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பூத் பூத்தாகக் கூட்டினால் முடிவு. ஐந்தாம் வகுப்புக் கூட்டல் தெரிந்தவர் போதும்.

குறை இருமுனைப் போட்டியில் தெரியாது. மூன்று முனை, நாலு முனையானால் பல்லை இளிக்கும். 2017 மும்பை மாநகராட்சியில் சேனாவும் பா.ஜ.க.வும் தனித்தனியாக நின்றன. சுமார் 28 சத ஓட்டில் சேனாவுக்கு 227இல் 84 இடம், சுமார் 27 சதத்தில் பா.ஜ.க.வுக்கு 82 இடம். முக்கால்வாசிப் பேர் வேறு யாருக்கோ போட்டிருந்தும் மேயர் நாற்காலி சேனாவுக்கு. அந்தத் தேர்தலின் 220ஆம் வார்டில் சேனா வேட்பாளரும் பா.ஜ.க. வேட்பாளரும் ஆளுக்கு 5,946 வாங்கினார்கள். சட்டப்படி குலுக்கல் போட்டு பா.ஜ.க.வின் அதுல் ஷா ஜெயித்ததாக அறிவித்தார்கள். மற்ற கட்சிகளுக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பம் அந்த வார்டில் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும். அதைக் கேட்பதை விட்டுச் சீட்டுக் குலுக்கினோம்.

மறைமுகச் செலவு ஓட்டுச்சீட்டில் தெரிவதில்லை, வேட்புமனு வாபஸ் வாங்கும் நாளில் தெரியும். ஓட்டைப் பிரிக்கவென்றே நிறுத்தப்படும் சுயேச்சை, ஒரே பெயர்ச் சாயலில் இன்னொருவர், "நீ வாபஸ் வாங்கு, உனக்கு இது செய்கிறேன்" என்ற பேரம், கூட்டணித் தொகுதிப் பங்கீட்டில் கடைசி இரவுவரை இழுபறி, எல்லாமே இந்த முறை பெற்ற பிள்ளைகள். கூட்டணிப் பங்கீட்டில் முதலில் அடிபடுவது யார் என்று மும்பைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உள்ளூரில் பத்து வருடம் தண்ணீர்க் குழாய்க்கும் கழிவறைக்கும் அலைந்தவர், "இந்த வார்டு அந்தக் கட்சிக்குப் போய்விட்டது" என்ற ஒரு வரியில் வீட்டுக்குப் போவார்.

எப்போது இதுவே நல்லது? உண்மையில் இரண்டு பேர் மட்டுமே போட்டியில் இருக்கும் இடத்தில். அங்கே 1, 2, 3 எழுதச் சொல்வது வீண் வேலை, முடிவு ஒன்றேதான் வரும்.

## இரண்டு சுற்றுத் தேர்தல்

பிரான்சில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது போல, யாருக்கும் பாதி வராவிட்டால் முதல் இருவருக்கும் மறுபடி தேர்தல். வாக்காளருக்கு எளிது, இயந்திரத்தை மாற்றவேண்டாம், எண்ணிக்கையும் பழையபடி. யோசிக்க அவகாசம் கிடைப்பது இதன் தனிச்சிறப்பு. இரண்டு பேரை மட்டும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் மும்பையில் ஒரு கோடிக்கு மேல் வாக்காளர்கள். ஜனவரியில் வந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். விடுமுறை, ஆசிரியர்களுக்குத் தேர்தல் பணி, போலீஸ் பந்தோபஸ்து, எல்லாம் இரண்டு தடவை. இரண்டாவது தடவை கூட்டம் குறைந்தால் 'பாதிக்கு மேல்' என்ற பெருமையும் கரையும். இரண்டு சுற்றுக்கும் நடுவில் உள்ள நாட்களில் தோற்றவர்களின் வீட்டுக்கு யார் யார் வண்டி போகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 227 வார்டுக்கு இது ஆகாது. ஒரே பதவி, பெரிய பதவி என்றால் யோசிக்கலாம். நம் முதல்வரையும் மேயரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, எனவே விட்டுவிடலாம்.

## முன்னுரிமை ஓட்டு

இது அமெரிக்கச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். நம் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், மாநிலங்களவை உறுப்பினர்கள் எல்லோரும் இப்படித்தான் தேர்வாகிறார்கள். 1969இல் வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் 4,01,515 ஓட்டு மதிப்பு வாங்கி முன்னால் இருந்தார், தேவைப்பட்டது 4,18,169. சி.டி. தேஷ்முக் முதலானோருக்குப் போன சீட்டுகளின் இரண்டாவது விருப்பத்தைப் பிரித்த பிறகு கிரி 4,20,077, அவரோடு மோதிய சஞ்சீவ ரெட்டி 4,05,427. முதல் எண்ணிக்கையில் கிட்டத்தட்ட 88,000 இருந்த இடைவெளி கடைசியில் 15,000க்கும் கீழே வந்துவிட்டது. இரண்டாவது விருப்பம் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உள்நாட்டு உதாரணம் இல்லை.

மகாராஷ்டிர மேலவைக்கான மும்பைப் பட்டதாரிகள் தொகுதியில் பெயர் சேர்த்திருப்பவர்களுக்கு இது கைப்பழக்கம். தமிழ்நாட்டில் 1986இல் மேலவையைக் கலைத்துவிட்டதால் அங்கிருந்து வந்தவர்கள் பலர் இந்த ஓட்டை முதன்முதலாகப் பார்ப்பது இங்கேதான். பட்டன் கிடையாது. சீட்டும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவும் தருவார்கள். சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து எழுதினால் ஓட்டுச் செல்லாது. டிக் அடித்தால் செல்லாது, 'ஒன்று' என்று எழுத்தில் எழுதினால் செல்லாது. எண் மட்டும்தான். 1 கட்டாயம், மற்றவை உங்கள் இஷ்டம். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியின் எண்ணிலும் எழுதலாம் என்பதால், ஆசை இருந்தால் க, உ, ங என்று தமிழ் எண்ணில்கூடப் போடலாம். எண்ணும் மேஜையில் அதைப் படிக்க ஆள் இருப்பாரா என்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

### செல்லாத ஓட்டு

2025 செப்டம்பரில் மகாராஷ்டிர ஆளுநராக இருந்த திருப்பூர் சி.பி. ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவரானார். ஓட்டுப் போட்டவர்கள் 767 எம்.பி.க்கள். அதில் 15 ஓட்டு செல்லாதவை. இரண்டே வேட்பாளர், ஒருவர் பெயருக்கு எதிரே 1 என்று எழுதினால் வேலை முடிந்தது. சட்டம் இயற்றுகிறவர்களிலேயே நூற்றுக்கு இரண்டு பேர் கோட்டைவிட்டால், தாராவி நாற்பதடி ரோட்டில் கைநாட்டு வைக்கிற பாட்டியைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இதற்கு மருந்து உண்டு. குற்றம் பெரும்பாலும் வாக்காளருடையது இல்லை, விதியினுடையது. இலங்கையில் அதிபர் தேர்தல் சீட்டில் ஒரே ஒரு பெருக்கல் குறி போட்டாலும் அதை முதல் விருப்பமாக எடுத்துக்கொள்வார்கள். இங்கேயும் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் ஓட்டு செல்லும் என்று விதி வைத்தால், பழைய பழக்கத்தில் போடுகிறவரின் ஓட்டு பழைய முறையில் எண்ணப்படும், வீணாகாது. இந்த விதி இல்லாத முன்னுரிமைத் திட்டம் எதற்கும் நான் ஆதரவு தரமாட்டேன்.

### பாதி வழியில் நின்றுபோகும் சீட்டு

பிரசாரம் செய்கிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். 2024 செப்டம்பரில் இலங்கையில் முதன்முறையாக இரண்டாவது விருப்பத்தை எண்ணவேண்டி வந்தது. அநுர குமார திசாநாயக்க 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035. மற்ற எல்லோருக்கும் சேர்த்து 33 லட்சத்துக்கும் மேல். அந்த 33 லட்சம் சீட்டைப் புரட்டிப் பார்த்ததில் முதல் இருவரில் ஒருவருக்கு விருப்பம் எழுதியிருந்தவை 2,73,131 மட்டுமே. நூற்றுக்கு எட்டு. அதைச் சேர்த்த பிறகு அநுர 57,40,179. கடைசிச் சுற்றில் நின்ற சீட்டுகளில் அது 55.89 சதம்; முதலில் செல்லுபடியான மொத்த ஓட்டில் பார்த்தால் 43 சதம்தான். சட்டப்படி பெரும்பான்மை, நடைமுறையில் இல்லை.

ஆஸ்திரேலியாவில் கீழவைக்கு எல்லாப் பெயருக்கும் எண் எழுதியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. சீட்டு பாதியில் நிற்காது. அதற்குப் பதில், ஒன்றும் தெரியாதவர்கள் மேலிருந்து கீழே வரிசையாக எண் போட்டுவிட்டுப் போகிறார்கள். சீட்டில் முதல் பெயராக இருப்பதே ஒரு லாபம். பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கும் மும்பை வார்டுக்கு இது கொடுமை. பப்புவா நியூ கினியில் 2007 முதல் பொதுத் தேர்தலில் மூன்றே மூன்று பேருக்கு எண், அந்த மூன்றும் கட்டாயம். எனக்கு இதில் பாதி பிடித்திருக்கிறது: மூன்று என்ற வரம்பு சரி, கட்டாயம் வேண்டாம்.

மாஹிம் கணக்குக்கே திரும்பினால் இரண்டாவது எண்ணின் அருமை தெரியும். அமித் தாக்கரேவின் 33,062 பேரில் பாதிப்பேர் 1 மட்டும் எழுதிவிட்டு நின்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 16,531. சர்வன்கர் முந்த அதில் 54 சதம் வேண்டும். எல்லோரும் 2 எழுதியிருந்தால் 52 சதம் போதும். எத்தனை பேர் இரண்டாவது எண்ணை எழுதுகிறார்கள் என்பதே முடிவைத் திருப்பும் அளவுக்கு வலுவானது. அந்த இரண்டாவது எண் எந்த சேனாவுக்குப் போயிருக்கும் என்று நான் ஜோசியம் சொல்லமாட்டேன். 2026இல் எம்.என்.எஸ்.ஸும் உத்தவ் சேனாவும் கைகோத்து மாநகராட்சியில் நின்றார்கள் என்பதை வைத்து 2024 வாக்காளரின் மனதைப் படிக்கவும் முடியாது.

### எண்ணிக்கை

நம் மின்னணு இயந்திரம் ஓட்டைக் கூட்டும், வரிசை தெரியாது. அதனால்தான் குடியரசுத் தலைவர் தேர்தலில் இன்றைக்கும் காகிதம். முன்னுரிமை வந்தால் ஒன்று புது இயந்திரம், இல்லை பழைய சீட்டு. பூத் பூத்தாகக் கூட்டி அறிவிக்கவும் முடியாது. யாரை நீக்குவது என்பது மொத்தமும் தெரிந்த பிறகே தீர்மானமாகும் என்பதால் எல்லாச் சீட்டும் ஒரே கூடத்துக்கு வரவேண்டும்.

கம்ப்யூட்டர்தானே, விட்டால் எண்ணிவிடும் என்பவர்களுக்கு நியூயார்க் 2021: மேயர் வேட்பாளர் தேர்வில் முதல் உத்தேச எண்ணிக்கையை வெளியிட்டபோது, சோதனைக்காகப் போட்டுவைத்திருந்த சுமார் 1,35,000 போலிச் சீட்டுகளை நீக்க மறந்து சேர்த்து எண்ணிவிட்டார்கள். அறிவித்ததை வாபஸ் வாங்கினார்கள். அங்கே அது சங்கடம். நம் ஊரில் அப்படி நடந்தால் கண்ணாடி உடையும்.

எனவேதான் வார்டு என்கிறேன். ஒரு கோடியே மூன்று லட்சத்தை 227ஆல் வகுத்தால் வார்டுக்குச் சராசரி 45,000 வாக்காளர். பாதிக்குச் சற்று மேல் வந்தால் 24,000 சீட்டு. ஒரு பள்ளிக்கூட ஹாலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, ஏஜென்டுகள் கண்முன்னே ஒரு நாளில் கையால் எண்ணிவிடலாம். இயந்திரமே வேண்டாம். மாஹிம் போன்ற சட்டமன்றத் தொகுதியில் 1,30,000க்கு மேல், புறநகரில் இன்னும் அதிகம், 288 தொகுதியும் ஒரே நாளில். அங்கே இயந்திரத்தை நம்பாமல் முடியாது, நம்பவைக்கும் இயந்திரம் இன்னும் கையில் இல்லை.

காகிதத்தில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பணம் கொடுத்தவன், "எனக்கு 1, அந்தச் சுயேச்சைக்கு 2, இந்தச் சுயேச்சைக்கு 3 போடு" என்று ஆளுக்கொரு வரிசையைச் சொல்லி அனுப்பலாம். எண்ணும்போது அந்த விசித்திர வரிசை தென்பட்டால் சொன்னபடி போட்டாய் என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு பேருக்கும் எண் எழுதலாம் என்றால் வரிசைகளுக்குக் கணக்கே இல்லை, ஒவ்வொரு சீட்டும் கையெழுத்தாகிவிடும். மூன்றோடு நிறுத்தி, பூத்துகளின் சீட்டுகளைக் கலந்த பிறகே எண்ணினால் இது பெருமளவு அடைபடும்.

### வேட்பாளர் பேச்சு மாறுமா?

மாறும், ஓரளவு. நியூயார்க்கில் மம்தானியும் பிராட் லேண்டரும் போட்டியாளர்களாக இருந்துகொண்டே, எனக்கு 1 போட்டால் அவருக்கு 2 போடுங்கள் என்று பரஸ்பரம் கேட்டார்கள். முதல் எண்ணிக்கையில் 44 சதத்துக்கு அருகில் இருந்த மம்தானி கடைசியில் 56ஐத் தாண்டினார். கூட்டணிப் பேரம் கட்சி அலுவலகத்திலிருந்து ஓட்டுச்சீட்டுக்கு வந்துவிடுகிறது. இருவரும் நிற்கலாம், யாரும் வாபஸ் வாங்கவேண்டாம்.

சிதறிய சமூகத்துக்கு இது இருபுறமும் வெட்டும். இன்று ஒரு வார்டில் இரண்டு தமிழர் நின்றால், இரண்டு பேரும் தோற்க ஒருவரையொருவர் காரணம் காட்டுவார்கள். முன்னுரிமையில் ஒருவர் நீக்கப்பட்டாலும் சீட்டு மற்றவரிடம் போகும். ஐந்தாயிரம் தமிழ் ஓட்டுள்ள வார்டில், முதல் எண் கிடைக்காது என்று தெரிந்த மராத்தி வேட்பாளரும் இரண்டாவது எண் கேட்டுப் படியேறுவார். இது நல்ல பக்கம். மறுபக்கம், நாலு பேர் ஓட்டைப் பிரித்ததால் 30 சதத்தில் உள்ளே நுழைந்துவிடும் சிறுபான்மை வேட்பாளருக்கு அந்த வாசல் அடைபடும். மற்ற மூவரின் சீட்டுகள் ஒன்றுசேர்ந்துவிடும். சயான் கோலிவாடாவில் ஆர். தமிழ்செல்வன் 2014 முதல் ஜெயித்துவருவது பெரிய கட்சிச் சீட்டில், எல்லாச் சமூகத்து ஓட்டையும் வாங்கி. அப்படிப்பட்டவருக்கு எந்த முறையும் ஒன்றுதான். தமிழ் ஓட்டை மட்டும் நம்பி நிற்பவருக்கு முன்னுரிமை உதவாது.

எல்லோருக்கும் பொதுவாகப் பிடித்தவர் ஜெயிப்பார் என்பதும் உத்தரவாதமில்லை. இதே முறை உள்ள அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 2022 ஆகஸ்ட் இடைத்தேர்தலில் பெல்டோலா, பேலின், பெகிச் மூவர். பெகிச் முதல் எண்ணிக்கையில் மூன்றாமவர் என்பதால் நீக்கப்பட்டார். சீட்டுகளைப் பின்னால் ஆராய்ந்தபோது, மற்ற இருவரில் யாரோடு தனியாக மோதியிருந்தாலும் பெகிச்தான் ஜெயித்திருப்பார் என்று தெரிந்தது. நடுவில் நிற்பவர் பலருக்கு 2ஆக இருப்பார், சிலருக்கே 1ஆக இருப்பார், அதனால் சீக்கிரம் வெளியேறுவார்.

## பேனல் வார்டு: டோம்பிவிலிக்காரர்களுக்கு

மும்பையில் ஒரு வார்டுக்கு ஒரு நகர்சேவக் (மாமன்ற உறுப்பினர்). டோம்பிவிலியில் இருக்கும் என் தங்கைக்கோ அ, ப, க, ட என்று நாலு இடம், நாலு ஓட்டு, நாலு முறை அழுத்தவேண்டும். நாலையும் முடிக்காமல் வெளியே வர முடியாது, பிடிக்காத இடத்தில் நோட்டாவையாவது அமுக்கவேண்டும். "அண்ணா, மூணாவது லிஸ்டுல ஒருத்தர் மூஞ்சியும் தெரியல, முதல் பட்டன்ல என்ன சின்னமோ அதையே அமுக்கிட்டு வந்துட்டேன்" என்றாள். ஊரே இப்படிச் செய்யும்போது 40 சதம் வாங்கிய கட்சி நாலு இடத்தையும் அள்ளிக்கொண்டு போகும். மூன்று நகர்சேவக்குகளைக் கூப்பிட்டால், "அது அவர் ஏரியா" என்று நாலாமவரைக் காட்டுவார்கள்.

இங்கே மேலே சொன்ன முன்னுரிமையை அப்படியே நாலு தடவை வைத்தால் நோய் தீராது. 51 சதம் உள்ளவர்கள் நாலையும் எடுப்பார்கள். தேவை மாநிலங்களவை முறை: நாலு இடத்துக்கும் ஒரே சீட்டு, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு ஓட்டு வாங்கினால் ஓர் இடம் உறுதி, அதற்கு மேல் மிஞ்சுவது அடுத்த விருப்பத்துக்குப் போகும். 20 சதம் உள்ள எந்தக் குழுவையும் யாரும் ஒதுக்க முடியாது.

இதன் வலிமையையும் குழப்பத்தையும் மகாராஷ்டிரம் 2022 ஜூனில் பார்த்தது. மாநிலங்களவைத் தேர்தலில் சேனாவின் சஞ்சய் பவாருக்கு 33 முதல் ஓட்டு, பா.ஜ.க.வின் தனஞ்சய் மகாதிக்குக்கு 27. ஜெயித்தது மகாதிக். அதே கட்சியின் மற்ற இருவரும் தேவைக்கு மேல் வாங்கிய மிச்சம் அவருக்கு வந்து சேர்ந்தது. எம்.எல்.ஏ.க்களுக்கே விடியற்காலைவரை விளக்கவேண்டியிருந்த கணக்கு அது. டோம்பிவிலி பூத் ஏஜென்டுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? கூடவே, நாலு இடத்தில் பெண்கள், தலித், இதர பிற்படுத்தப்பட்டோர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒதுக்கீடு. பொதுச் சீட்டில் அந்த ஒதுக்கீட்டை எப்படிக் காப்பது என்று தனி விதி எழுதவேண்டும்.

எளிதான வழி ஒன்று பழைய பம்பாயிலேயே இருந்தது. 1937 மாகாணத் தேர்தலில் பல உறுப்பினர் தொகுதிகளில் கையில் உள்ள எல்லா ஓட்டையும் ஒரே வேட்பாளருக்குக் குவித்துப் போட அனுமதித்தார்கள். எண் எழுத வேண்டாம், எண்ணுவதும் வெறும் கூட்டல். இன்றைய பேனல் வார்டுக்கு இதை ஏன் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | இருப்பது | இரண்டு சுற்று | முன்னுரிமை, மூன்று எண் | மாநிலங்களவை முறை |
|---|---|---|---|---|
| பாதிக்கு மேல் ஆதரவு | பலமுனையில் இல்லை | உண்டு, கூட்டம் வந்தால் | பெரும்பாலும், 2 எழுதினால் | கேள்வியே வேறு: பங்குக்கு ஏற்ற இடம் |
| பயந்து போடுவது | அதிகம் | முதல் சுற்றில் குறைவு | குறைவு | மிகக் குறைவு |
| செல்லாத ஓட்டு | அரிது | அரிது | விதியைப் பொறுத்தது | விதியைப் பொறுத்தது |
| ஏஜென்ட் சரிபார்ப்பு | எளிது | எளிது | வார்டில் முடியும் | கடினம் |
| பெரிய செலவு | பேரம், டம்மி வேட்பாளர் | இரண்டாவது தேர்தல் | காகிதம், பயிற்சி | பயிற்சி, ஒதுக்கீட்டு விதி |
| பொருந்தும் இடம் | இருமுனைப் போட்டி | ஒரே பெரிய பதவி | மும்பை வார்டு | பேனல் வார்டு |

## சட்டம் எங்கே இடம் கொடுக்கிறது

சட்டமன்றத் தேர்தல் முறையை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். நேரடித் தேர்தல், நிலத்தொகுதி என்றுதான் அரசியல் சட்டத்தின் 170ஆம் பிரிவு சொல்கிறது. அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிப்பவர் என்பது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் வழி வருவது. அதை மாற்ற டெல்லியில் யாருக்கும் அவசரமில்லை, இந்த முறையில் ஜெயித்து வந்தவர்கள்தானே.

உள்ளாட்சி வேறு. 243இசட்ஏ பிரிவின்படி மாநகராட்சித் தேர்தலுக்கான சட்டத்தை மாநிலமே இயற்றலாம், நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். மும்பைக்கு 1888 மாநகராட்சிச் சட்டத்தில் திருத்தம் போதும். இது வரமும் சாபமும். மும்பை தவிர்த்த மாநகராட்சிகளில் வார்டுக்கு ஒருவரா, மூவரா, நால்வரா என்பதைக் கடந்த சில வருடங்களில் ஆட்சிக்கு ஆட்சி மாற்றினார்கள். நகராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை 2016இல் கொண்டுவந்து, 2020இல் எடுத்து, 2022இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். முன்னுரிமை ஓட்டும் இப்படிப் பந்தாடப்படும் வாய்ப்பு நிறைய. அலாஸ்காவிலேயே 2024இல் அதை ஒழிக்கும் வாக்கெடுப்பு சில நூறு ஓட்டில்தான் தோற்றது.

ஆகவே கையெழுத்துக் கேட்டு வருபவர்களிடம் கோரிக்கையில் நாலு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: மூன்று எண்ணுக்கு மேல் இல்லை, ஒரே குறி போட்டாலும் ஓட்டு செல்லும், எல்லா ஏஜென்டும் பார்க்க எண்ணிக்கை கையால், அடுத்த இரண்டு தேர்தலுக்கு முறையை மாற்றக்கூடாது. நாலும் இருந்தால் மும்பைக்காரர்கள் போடலாம். டோம்பிவிலி, நவி மும்பைக்காரர்கள் அதே மனுவில் கையெழுத்திட வேண்டியதில்லை. அவர்கள் கேட்கவேண்டியது முதலில் பேனலை உடைப்பது, உடையாவிட்டால் ஓட்டைக் குவிக்கும் உரிமை.

227 வார்டிலும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். பதவிக்காலம் முடிவதற்குள் ஏதாவது வார்டு காலியாகி இடைத்தேர்தல் வரும். அந்த ஒன்றில் போட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியா 1918 டிசம்பரில் கொராங்கமைட் தொகுதி இடைத்தேர்தலில்தான் முதலில் செய்தது. முதல் எண்ணிக்கையில் முந்தியிருந்த ஸ்கல்லின் கடைசியில் தோற்றார், ஆனாலும் முறை நிலைத்தது. ஊர்ச் சங்கம், கோயில் கமிட்டி நடத்துபவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். தங்கள் விதிமுறையைத் திருத்திக்கொண்டு அடுத்த தலைவர் தேர்தலிலேயே செய்யலாம். ஹவுசிங் சொசைட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள், அந்தத் தேர்தல் கூட்டுறவுச் சட்ட விதிப்படி நடக்கவேண்டியது, யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் கமிட்டியே கலையும்.